பட்டனை அழுத்தினால் ட்ரோன் பத்திரமாகத் திரும்பிவிடுமா?

“புதியவர்கள் பயப்பட வேண்டாம், ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பட்டனை அழுத்தினால் ட்ரோன் எதிலும் மோதாமல் தானே வந்துவிடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

புறப்பட்டபோது ஜிபிஎஸ் பதிந்த இடத்துக்கு, நாம் அமைத்த உயரத்தில் நேர்கோட்டில் வரும். அவ்வளவே. டிஜேஐ நிறுவனத்தின் மினி 2 போன்ற ட்ரோன்களில் கீழ்நோக்கிய சென்சார் மட்டுமே. எதிரே நிற்கும் தென்னை அதற்குத் தெரியாது. முன்பக்க சென்சார் உள்ளவையும் மெல்லிய மின்கம்பியைத் தவறவிடலாம். எனவே சுற்றியுள்ள மரம், கோபுரங்களுக்கு மேலே இருக்கும்படி திரும்பும் உயரத்தை வையுங்கள். ஆனால் 120 மீட்டரைத் தாண்டாமல். படகிலிருந்து ஏற்றினால்? படகு நகர்ந்திருக்கும், ட்ரோன் பழைய இடத்துக்கே போய்த் தண்ணீரில் இறங்கப் பார்க்கும்.

எதிர்க்காற்று பேட்டரியைத் தின்றுவிடும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது அது தள்ளிக்கொண்டு வரட்டும்.