அடியில் முக்கோணம் இருந்தாலே மறுசுழற்சி ஆகிவிடாது

"முக்கோணத்துக்குள் எண் இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆகிவிடும், அதனால் குறைக்க வேண்டிய அவசியமில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அது என்ன வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. 1988இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்த அடையாளம் அது, உத்தரவாதம் அல்ல.

1 போட்ட தண்ணீர் பாட்டிலைப் பழைய சாமான்காரரே காசு கொடுத்து வாங்குவார், சரி. ஆனால் 7 என்றால் 'மற்றவை', சிப்ஸ் பாக்கெட் போன்றவை அதில்தான் வரும். சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து உள்ளே பாருங்கள், வெள்ளி போலப் பளபளக்கும். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். தனியாகச் சேகரித்தால்கூட பெரும்பாலும் சிமெண்ட் சூளையில் எரிபொருளாகத்தான் போகிறது.

இங்கே பெங்களூரு அல்சூரில் உலர்கழிவு பிரிக்கும் அக்கா ஒருவர் எனக்குக் காட்டினார்: சட்னி காய்ந்து ஒட்டிய டப்பா நல்ல பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பால் கவரின் மூலையையும் முழுசாக வெட்டி எடுக்காதீர்கள், அந்தத் துணுக்கு யார் கைக்கும் சிக்காது. கவரை அலசிக் காயவைத்துக் கொடுங்கள்.

அப்புறம், கர்நாடகத்தில் 2016 முதலே பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை இருக்கிறது, கனம் எவ்வளவாக இருந்தாலும். துணிப்பையோடு ஒரு தூக்குவாளியும் எடுத்துப் போங்கள். எங்கள் தெரு இட்லிக் கடைக்காரர் அதிலேயே சாம்பாரை ஊற்றித் தருகிறார்.