போட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது?

பழைய உடுப்பு வாங்குவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நல்ல பருத்திச் சட்டை நாலு பேர் உடுத்தாலும் நல்ல சட்டைதான். ஆனால் அதை விற்கிற முறை இருக்கிறதே!

கல்லடியிலிருந்து பாலம் தாண்டி, வியர்த்து வழிந்து மட்டக்களப்பு டவுனில் பழைய உடுப்புக் கடைக்குப் போனால், "போட்டுப் பார்க்கேலாது, தங்கச்சி" என்கிறார்கள். ஏன்? பழைய உடுப்பைத்தானே போட்டுப் பார்க்க வேணும்? லேபிளில் ஒன்று 10, ஒன்று 6, இன்னொன்று 38. பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பா என்று அளவுதான் வேறு, உடம்பு ஒன்றுதான். அதிலும் முதல் ஆள் தோய்த்துத் தோய்த்துச் சுருங்கியிருந்தால் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? கைப்பையின் ஸிப் பாதியில் நிற்கும். காதணியில் ஒன்றுதான் இருக்கும். கேட்டால், "இந்த விலைக்கு வேற என்ன வேணும்?"

அதைக்கூடப் பொறுப்பேன். அம்மாவின் மருதமுனைக் கைத்தறிச் சேலையை விற்றுத் தரச் சொல்லிக் கடைக்காரர்களிடம் கொடுத்திருந்தேன். விற்றால் அவர்களுக்கும் ஒரு பங்கு. மூன்று மாதம் கழித்துப் போனால், வாசல் கண்ணாடியோரம், நேர் வெயிலில் தொங்குகிறது! வெளி மடிப்பு முழுக்க வெளிறிப் போய், உள்மடிப்பில் மட்டும் அந்தப் பழைய நீலம். தறியில் உட்கார்ந்து இழை இழையாக நெய்த சேலை அது. ஒரு மனிதருக்குமா அதை உள்ளே எடுத்து வைக்கத் தோன்றவில்லை?

"மங்கிப்போச்சு, விலையைக் குறைப்பமா?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.