அயர்லாந்துக்காரர் பேசினால் வட்டார வழக்கு, நம் பிள்ளை பேசினால் தப்பா?

"ஐ ஆஸ்க்டு ஹிம் வேர் இஸ் ஹீ கோயிங்" என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் போதும், நம்மூரில் நாலு பேர் திருத்த ஓடி வருவார்கள். "வேர் ஹீ வாஸ் கோயிங்" என்றுதான் சொல்லணும். கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்துவிட்டால் அது கேள்வி மாதிரி இருக்கக் கூடாது, சொற்களின் வரிசை மாறணும், காலமும் ஒரு படி பின்னால் போகணும். டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச் என்று வருடக்கணக்கில் நம் தலையில் ஏற்றியது இதைத்தான்.

விதி சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. தேர்வில், அலுவலக மெயிலில், விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுத வேண்டும். இங்கிலீஷ் வகுப்பு எடுக்கும் நானும் அதைத்தான் சொல்லித்தருகிறேன். எனக்குக் கோபம் வருவது திருத்திய கையோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அந்த வசனத்தில்தான்: "இங்கிலீஷ் தாய்மொழியா உள்ளவங்க யாராவது இப்படிப் பேசுவாங்களா?"

பேசுவார்கள். அன்றாடம் பேசுகிறார்கள்.

அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். "ஷீ ஆஸ்க்டு மீ வாஸ் ஐ ஹங்ரி", "ஐ வொண்டர் இஸ் ஹீ கமிங்" என்பதெல்லாம் அங்கே சர்வ சாதாரணம். நம் பாடப் புத்தகம் கேட்கும் 'இஃப்' அதில் இல்லை. கேள்வி முழுசாக, கேட்ட வரிசையிலேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதற்கு அவர்களுடைய பழைய மொழியான ஐரிஷும் ஒரு காரணம் என்கிறார்கள். ஐரிஷில் ஆம்-இல்லை கேள்வி என்றால் வாக்கியத்தின் தலையில் ஒரு சின்னச் சொல் வரும். நேராகக் கேட்டாலும் சரி, இன்னார் கேட்டார் என்று சொன்னாலும் சரி, அந்தச் சொல் நகராமல் நிற்கும். தலைமுறை தலைமுறையாக ஐரிஷ் பேசியவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது.

இது ஒழுங்கில்லாத பேச்சு என்று நினைக்க வேண்டாம். வட அயர்லாந்தின் டெர்ரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்லாஸ்கி என்ற மொழியியலாளர் தன் ஊர் ஆங்கிலத்தையே எடுத்து ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'ஆஸ்க்', 'வொண்டர்' போன்ற வினைகளுக்குப் பின்னால் கேள்வி வரிசை தாராளமாக வரும். 'ஃபைண்ட் அவுட்' மாதிரி வினைக்குப் பின்னால் வராது. "ஐ வொண்டர் டிட் ஹீ கம்" என்று சொல்பவர் "ஐ ஃபவுண்ட் அவுட் டிட் ஹீ கம்" என்று சொல்ல மாட்டார். வந்தானா இல்லையா என்று யோசிக்கும்போது கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. விடை கிடைத்துவிட்டால் கேள்வி முடிந்துபோனது. இந்த வித்தியாசத்தை யாரும் அவர்களுக்குப் பள்ளியில் சொல்லித்தரவில்லை, பேசிப் பேசியே வந்திருக்கிறது. இலக்கணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைய வாழும் ஹார்லெம் பகுதி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1960களில் அமெரிக்காவில் சில உளவியலாளர்கள், ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சரியான மொழியே இல்லை, அதனால்தான் படிப்பு ஏறவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் அதை ஏற்கவில்லை. அவரும் அவருடைய குழுவினரும் ஹார்லெம் தெருக்களில் அந்தப் பையன்களோடே பழகி, அவர்கள் பேச்சைப் பதிவு செய்தார்கள். ஒரு சோதனையும் வைத்தார்கள். நாங்கள் சொல்லும் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லணும், அவ்வளவுதான். "ஐ ஆஸ்க்டு ஆல்வின் இஃப் ஹீ நோஸ் ஹவ் டு ப்ளே பாஸ்கெட்பால்" என்று சொன்னால், பையனிடமிருந்து பட்டென்று திரும்பி வந்தது: "ஐ ஆக்ஸ் ஆல்வின் டூ ஹீ நோ ஹவ் டு ப்ளே பாஸ்கெட்பால்."

அந்தப் பையன் செய்ததை யோசித்துப் பாருங்கள். காதில் விழுந்தது ஒரு இலக்கணம். பொருளைப் பிடித்துக்கொண்டு, 'இஃப்' வந்த இடத்தில் தன் பேச்சின் கேள்வி வரிசையைப் போட்டு, ஒரு நொடியில் திருப்பிக் கொடுத்துவிட்டான். புரியாதவனால் இதைச் செய்ய முடியாது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்பது அவனுக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மொழி இல்லை என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று லபோவ் 1969இல் வெளிவந்த கட்டுரையில் வாதாடினார். அதைப் படிக்கும்போதெல்லாம் நம்மூர் வகுப்பறைகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

நம் பிள்ளைகள் பேசுவதும் ஐரிஷ் ஆங்கிலமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. "ஐ நோ வேர் இஸ் ஹீ" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம், டெர்ரிக்காரர் சொல்ல மாட்டார். தமிழில் "எங்கே போறான்னு கேட்டேன்" என்று கேள்வியை அப்படியே தூக்கி உள்ளே வைப்பதால் நமக்கு இது கைவந்த பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் தமிழ் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆங்கிலம் போய்ச் சேர்ந்த பல நாடுகளில் இப்படி வாக்கியத்துக்குள் வைக்கும் கேள்வியில் இந்த வரிசை வருகிறது.

இந்த ஒரு விஷயத்தில் இத்தனை கறாராக இருக்கும் நாம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லித்தருகிறோமா? இல்லை. "ஐ திங்க் தட் ஹீ இஸ் சிக்" என்று 'தட்' போட்டுத்தான் பல பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். சாதாரணப் பேச்சில் 'ஐ திங்க்' என்றதும் அந்த 'தட்' பெரும்பாலும் காணாமல் போய்விடும். சாண்ட்ரா தாம்ப்ஸன், ஆண்டனி மியூலக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க உரையாடல்களை வைத்து 1991இலேயே இதை எழுதிவிட்டார்கள். 'ஐ திங்க்' அங்கே பாதி நேரம் யோசனையைச் சொல்வதே இல்லை. "மழை வரும் போல" என்கிறோமே, அந்தப் 'போல' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் "இட்ஸ் கோயிங் டு ரெய்ன், ஐ திங்க்" என்று கடைசியிலும் போய் ஒட்டிக்கொள்கிறது.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அவன் வரமாட்டான் என்று நினைக்கிறேன் என்பதை நம் பிள்ளைகள் "ஐ திங்க் ஹீ வில் நாட் கம்" என்பார்கள். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை, எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் சுழிக்கமாட்டார். ஆனால் ஆங்கிலேயர் பொதுவாகச் சொல்வது "ஐ டோன்ட் திங்க் ஹீ வில் கம்". வரமாட்டான் என்பதில் இருக்கும் 'இல்லை'யைத் தூக்கி 'திங்க்' மேல் வைத்துவிடுகிறார்கள். அதில் ஒரு மென்மை வந்துவிடுகிறது. மேலதிகாரியிடம் மறுத்துப் பேச வேண்டிய இடத்தில் "ஐ திங்க் திஸ் வில் நாட் வொர்க்" என்பது முகத்தில் அடித்த மாதிரி விழும், "ஐ டோன்ட் திங்க் திஸ் வில் வொர்க்" அப்படி விழாது. உதவி கேட்கும்போது "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப்" என்று இப்போதைய யோசனையையே இறந்த காலத்தில் சொல்வதும் இந்தப் பணிவுக்காகத்தான். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். இது நம் பாடத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது?

நர்சிங் முடித்த ஒரு பெண் என் வகுப்புக்கு வருகிறாள். அயர்லாந்தில் வேலைக்கு முயற்சி செய்கிறாள். ஒரு பயிற்சி மையத்தில் மாதிரி நேர்காணல் வைத்து, "த பேஷன்ட் ஆஸ்க்டு மீ வென் இஸ் த டாக்டர் கமிங்" என்று அவள் சொன்னதும் பாதியிலேயே நிறுத்தி, இந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு வெளிநாடு போக ஆசைப்படாதே என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். அவள் போய்ச் சேரப்போகும் ஊரில் நோயாளியும் உடன் வேலை செய்பவரும் கிட்டத்தட்ட அதே வரிசையில் பேசுவார்கள் என்பதைச் சொல்ல அங்கே ஒருவர்கூட இல்லை.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். தேர்வுத் தாளில் "வென் த டாக்டர் வாஸ் கமிங்" என்று எழுது, நேர்காணலிலும் அப்படியே சொல்லிப் பழகு. பேச்சில் வாய் தவறி வந்துவிட்டால் நிறுத்தாதே, சொல்ல வந்ததை முடி. இப்போது வகுப்பில் அவளுக்கு ஐரிஷ் வானொலிப் பேட்டிகளைப் போட்டுக் காட்டுகிறேன். டப்ளின், கார்க், கால்வே பக்கம் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், வார்டிலோ பஸ்ஸிலோ கடையிலோ காதில் விழும் இப்படிப்பட்ட வாக்கியங்களைக் கீழே எழுதுங்கள். அவளுக்கும், அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் காட்டுவேன்.