அமிர்தசரஸை யார் கட்டுகிறார்கள்?

அமிர்தசரஸ் போய் வருகிறவர்கள் எல்லோரும் பொற்கோயிலைப் படமெடுத்துப் போடுகிறார்கள். சரி, அழகுதான். ஆனால் அந்தப் படத்தில் தெரியும் கட்டடம் முதலில் கட்டியது இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

1577-ல் சீக்கியர்களின் நான்காம் குரு ராம்தாஸ் குளம் வெட்டத் தொடங்கினார். அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு அப்போது ராம்தாஸ்பூர் என்று பெயர். அவர் மகன் குரு அர்ஜன் குளத்தின் நடுவே ஹர்மந்திரை, அதாவது இன்று பொற்கோயில் என்கிற கோயிலைக் கட்டி, 1604-ல் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தை அங்கே வைத்தார். நாலு பக்கமும் வாசல். தெருவிலிருந்து படியிறங்கித்தான் குளக்கரைக்குப் போக வேண்டும். 1762-ல் ஆப்கான் மன்னர் அகமது ஷா அப்தாலி வெடிமருந்து வைத்து அந்தக் கோயிலைத் தகர்த்தார், குளத்தையும் தூர்த்தார். சில ஆண்டுகளிலேயே சீக்கியப் படைத்தலைவர்கள் மறுபடி எழுப்பிவிட்டார்கள். தங்கத்தகடு எல்லாம் அப்புறம் வந்த பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் காலத்து வேலை.

ஆக, இடிவதும் எழுவதும் இந்த ஊருக்குப் பழக்கம். பழைய கல் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இங்கே பாதிக் கதை தவறிப்போகும். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று கேட்க வேண்டும்.

இதற்கு, பொற்கோயில் வளாகத்தில் சீக்கியர்களின் தலைமைப் பீடமாக இருக்கும் அகால் தக்த்தைவிட நல்ல சாட்சி கிடையாது. 1984 ஜூனில் ராணுவம் உள்ளே புகுந்தபோது அது சிதைந்தது. பழைய கையெழுத்துப் பிரதிகள் இருந்த சீக்கிய நூலகமும் எரிந்தது. அரசாங்கம் அவசர அவசரமாக நிஹங் என்ற சீக்கியப் போர்வீரர் பிரிவின் தலைவர் ஒருவரை முன்னால் நிறுத்தி, சில மாதங்களில் அகால் தக்த்தைக் கட்டி முடித்துவிட்டது. பார்க்கப் புத்தம் புதுசு. சீக்கியர்கள் என்ன செய்தார்கள்? 1986 ஜனவரியில் சர்பத் கால்சா என்ற சீக்கியர் பேரவை கூடி முடிவெடுத்து, அந்தப் புதுக் கட்டடத்தை இடித்தார்கள். பிறகு கர்சேவையாக, கூலி வாங்காமல் மக்களே மண் சுமந்து, நிதானமாக வேறொன்றைக் கட்டிக்கொண்டார்கள். முடிய வருடக்கணக்கில் ஆனது. சுட்டவன் கையாலேயே பூசிய சுவரில் எப்படித் தலை சாய்ப்பது? அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

குளத்தைத் தூர்வாரும்போதும் இதே வழக்கம்தான். 1923, 1973, 2004 என்று நடந்த தூர்வாரலில் படித்தவர், பணக்காரர், ஏழை எல்லோரும் தலையில் சேறு சுமந்தார்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் உட்கார்ந்து பாருங்கள். ரொட்டியை உங்கள் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். வெளியே வந்தால் எஃகுத் தட்டுகள் விழும் இரைச்சல் காதைப் பிளக்கும். பெரிய கார்களில் வந்தவர்களும் அங்கே தட்டு கழுவும் தொட்டியருகே முழங்கை வரை சோப்பு நுரையோடு நிற்பார்கள். இந்த ஊரின் பாரம்பரியம் எங்கே என்று கேட்டால் நான் முதலில் அந்தத் தொட்டியைத்தான் காட்டுவேன்.

இப்போது அரசாங்கம் செய்ததைப் பாருங்கள். டவுன்ஹாலிலிருந்து கோயில் வரை ‘பாரம்பரியத் தெரு’ என்று 2016-ல் திறந்தார்கள். நடக்க வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி முகப்பு ஒட்டி, சினிமா செட் போலாக்கிவிட்டார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஜாலியன்வாலா பாக்கில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. 1919 ஏப்ரல் 13, வைசாக்கி நாள். ஒரு குறுகலான சந்து வழியாக ஆங்கிலேய ராணுவ அதிகாரி டயர் சிப்பாய்களைக் கூட்டிவந்தார். கவச வண்டிகள் நுழைய முடியாத அளவு குறுகல் என்பதால் அவற்றை வெளியே விட்டுவிட்டு வந்தார். உள்ளே கூடியிருந்த மக்கள்மேல் 1650 குண்டுகள் சுட்டார்கள். அரசுக் கணக்கில் செத்தவர்கள் 379 பேர். இந்தியத் தரப்புக் கணக்குகள் அதைவிட மிக அதிகம். அந்தச் சந்து வெறும் செங்கல் சுவராக இருந்தவரை, நடக்கிறவனுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2021 புதுப்பிப்பில் அதே சுவர்களில் ஆண், பெண், குழந்தை என்று புடைப்புச் சிலைகளை வைத்தார்கள். உயிர் தப்பக் குதித்தவர்கள் செத்த கிணற்றைக் கண்ணாடியால் மூடினார்கள். கூடவே ஒளி-ஒலிக் காட்சி. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். வேலை முடிந்த பிறகு எதிர்த்து என்ன பயன்?

மக்கள் கைபட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல வரவில்லை. பக்கத்து ஊர் தரன்தாரனில், 2019 மார்ச்சில் ஒரு ராத்திரியில், கர்சேவை என்ற பேரில்தான் அங்குள்ள குருத்வாராவின் பழைய தர்ஷனி தியோரி என்ற நுழைவாசலின் மேல்பகுதியை இடித்தார்கள். ரஞ்சித் சிங்கின் பேரன் காலத்துக் கட்டடம் அது. ஊர்ச் சீக்கியர்களே ஓடிவந்து தடுத்ததால் மிச்சம் பிழைத்தது. பொற்கோயிலைச் சுற்றியிருந்த புங்காக்கள், அதாவது யாத்ரீகர்களும் படைத்தலைவர்களும் தங்கிய மாளிகைகள், பெரும்பாலும் பிரகாரத்தை அகலப்படுத்தும்போதே போயின. ராம்கடியா புங்காவின் இரட்டைக் கோபுரத்தைப் பார்த்தால் மற்றவை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பக்தி இருந்தால் மட்டும் போதாது, பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளும் பக்கத்தில் வேண்டும். பளிங்கு வாங்கப் பணம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பளிங்காக்கக் கூடாது.

ஜாலியன்வாலா பாக் விஷயத்தில் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்காத வேலை. சந்திலிருக்கும் சிலைகளைக் கழற்றி வேறெங்காவது வையுங்கள். அந்த ஒளி-ஒலிக் காட்சியையும் நிறுத்துங்கள்.