எதற்கெடுத்தாலும் ஃபார்மட்டா?

கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து ஆன் ஆகிறது என்று நான் சொல்லி முடிக்கவில்லை, "வைரஸா இருக்கும் சார், ஓஎஸ் புதுசா போட்டுரலாம்" என்று பென் டிரைவை எடுத்துவிட்டார் கடைக்காரர். கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றவில்லை. எந்த நேரத்தில் அணைகிறது, என்ன செய்யும்போது அணைகிறது, வீட்டில் யுபிஎஸ் இருக்கிறதா, எதையும் கேட்கவில்லை. காய்ச்சல் என்று போனால் நாடி கூடப் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுப்பாரா ஒரு டாக்டர்?

ஃபார்மட் போட்டு, அதாவது டிரைவை அழித்து ஓஎஸ்ஸான விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். டெஸ்க்டாப்பில் இருந்தது எங்கே என்று கேட்டால், "சி டிரைவ் மட்டும்தான் சார் அழிச்சோம், டி அப்படியே இருக்கு" என்கிறார். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே பொதுவாக சி டிரைவில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிறவருக்கு இது தெரியாதா? என் மனைவி டியூஷன் எடுக்கிறார். வருஷக்கணக்கில் தமிழில் தட்டச்சு செய்து சேர்த்த வினாத்தாள்கள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. "எதையாவது காப்பி எடுக்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

இவ்வளவையும் இழந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ராத்திரியே மறுபடி அணைந்தது.

ஆத்திரத்தில், விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயோஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் அணைந்து எழுந்தது! பயோஸில் விண்டோஸே ஓடாது. வைரஸ் எங்கிருந்து வரும்? விண்டோஸே இல்லாத இடத்திலும் அணைகிறது என்றால் கோளாறு மின்சாரத்தில் அல்லது ஹார்டுவேரில். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஸ்க்ரூ டிரைவர் கூட வேண்டாம். கடையில் ஏன் இதைச் செய்யவில்லை?

விண்டோஸே கூட நடந்ததை எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர் என்ற ப்ரோக்ராமைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றிருந்தால் கெர்னல்-பவர் 41 என்று சிவப்புக் குறியோடு இருக்கும். அதன் விவரத்தில் பக்செக் கோடு, அதாவது பிழையின் எண், 0 என்றிருந்தால், விண்டோஸ் எந்தப் பிழையையும் பதிவு செய்ய அவகாசமே கிடைக்காமல் நின்றிருக்கிறது என்று பொருள்; முதலில் மின்சாரத்தையும் சூட்டையும்தான் சந்தேகப்பட வேண்டும். வேறு எண் இருந்தால், விண்டோஸ் பிழையில் நிற்கும்போது காட்டும் நீலத்திரை வந்திருக்கிறது. டிரைவர் (ஹார்டுவேரை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), ரேம் பக்கம் தேடலாம். அந்த நீலத்திரை நம் கண்ணில் படாமல் போவதற்கும் காரணம் உண்டு. பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் செய் என்ற தேர்வு முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி போய் அந்த டிக்கை எடுத்துவிட்டால், அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். ஃபார்மட் போட்டதில் பழைய லாக் எல்லாம் அழிந்துபோனது. துப்புத் துலக்க வேண்டியவரே தடயத்தை அழித்துவிட்டுப் போனால் என்ன செய்வது?

என் வீட்டில் புது லாகில் வந்தது 41, கோடு 0. மூடியைக் கழற்றினால் கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. லேபிளில் கொட்டை எழுத்தில் 450 வாட். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 168 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். 450 என்று எவன் அச்சடித்தான், எதை நம்பி நம் தலையில் கட்டுகிறான்? அந்த 12 வோல்ட், லோடு ஏறும்போதும் 11.4க்குக் கீழே போகக் கூடாது. சாதாரண மல்டிமீட்டர் வைத்தாலே பெரிய சரிவு தெரிந்துவிடும். எந்தக் கடையில் மீட்டரைக் கையில் எடுக்கிறார்கள்?

தண்ணீர் மோட்டார் போடும்போதெல்லாம் அணைந்தது என்பதையும் நான் அன்றைக்கே சொன்னேன். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். நல்ல எஸ்எம்பிஎஸ், கரண்ட் சில மில்லிசெகண்ட் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரின் சேமிப்பில் தாங்கும். கெப்பாசிட்டர் உப்பிக் கிடந்தால் எப்படித் தாங்கும்?

இதில் இன்னொரு கொடுமை எர்த். ப்ளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, பின்னால் வயரே இல்லை. கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. எலக்ட்ரீஷியனிடம் சொன்னால், "லேசாத்தான் சார் இருக்கும், எல்லார் வீட்லயும் அப்படித்தான்" என்கிறார். எல்லார் வீட்டிலும் தப்பாக இருந்தால் தப்பு சரியாகிவிடுமா? எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கசியவிடும் மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அந்த இரும்புப் பெட்டியிலேயே நிற்கும். உள்ளே ஏதாவது வயர் உரசிவிட்டால் முழு 230 வோல்ட்டும் அதில் வரும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் டியூஷன் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்து சூடேறினாலும் அணையும், ரேம் கெட்டாலும் ரீஸ்டார்ட் ஆகும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ப்ரோக்ராமை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் ரேம் கோளாறு பெரும்பாலும் சிக்கிவிடும். ஓஎஸ் கெட்டுப்போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கடைசியில் தொடுங்கள். அழித்தால் திரும்பி வராத ஒரே விஷயமான நம் ஃபைல்கள் அதோடுதான் இருக்கின்றன.

எஸ்எம்பிஎஸ் மாற்றினேன், எர்த் வயர் இழுக்க வைத்தேன். இப்போது மோட்டார் ஓடுகிறது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது. கடைக்குப் போய் ஃபார்மட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஓஎஸ் போட்ட வேலைக்குத்தானே சார் வாங்குனோம்" என்றார். அந்த வேலையை உங்களிடம் கேட்டது யார்?