தண்ணி எடுத்தால் ஆள் போய்விடுமா?

வயிற்றில் நீர் கோத்தவருக்கு ஊசி போட்டுத் தண்ணி எடுத்தால் ஆள் தாங்கமாட்டார் என்ற பேச்சு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்னும் இருக்கிறது. சொந்தத்தில் ஒரு பெரியப்பாவுக்கு டாக்டர் கேட்டும் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார்கள். "எடுத்தவுக யாரு வீடு திரும்புனா?" என்றார் ஓர் ஆச்சி. ஆச்சி கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினால் அப்படித்தான் முடியும். பழி மட்டும் ஊசிமேல் விழுகிறது.

ஈரல் சுருங்கி இப்படி நீர் கோத்தவர்களுக்குக் குடலில் ஓட்டை விழாமலே கிருமி அந்த நீருக்குள் போய்விடும். காய்ச்சலும் வயிற்றுவலியும் வரலாம், வராமலும் இருக்கலாம். சிலருக்குப் பேச்சு குழறும், பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருப்பார்கள், சிறுநீர் குறையும், அவ்வளவுதான். நம் வீடுகளில் உடனே மந்திரிக்கக் கிளம்பிவிடுவோம்!

சோதனைக்கு ஒரு சிரிஞ்சு நீர் போதும். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 250 இருந்தாலே ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்காகக் காத்திருப்பதில்லை, பலருக்கு அதில் எதுவும் வளராது. அதனால் நீர் கோத்தவரை அட்மிட் செய்த அன்றே, "தண்ணியை டெஸ்டுக்கு எடுத்தாச்சா?" என்று வீட்டார்தான் கேட்க வேண்டும் என்பேன். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கிருமி அடங்கினாலும் சிறுநீரகம் படுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. 1999-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், ஆன்டிபயாடிக் மட்டும் போட்டவர்களில் 29 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். கூடவே ஆல்புமின் என்ற புரதத்தையும் ஊசி வழியாக ஏற்றியவர்களில் 10 சதவீதம்தான். ஆல்புமின் விலை கையைக் கடிக்கும், தெரியும். டாக்டர் எழுதினால் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். அப்புறம், மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்கு அது நேர் எதிரி.

பிழைத்து வந்தபின் எல்லாரும் அசந்துவிடுகிறோம். தடுப்பு மாத்திரை இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குள் பத்தில் ஏழு பேருக்கு இந்தக் கிருமித் தொற்று திரும்ப வரும். டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒருமுறை வந்துவிட்டாலே ஈரல் கைவிடுகிறது என்று அர்த்தம், ஈரல் மாற்று பற்றி அப்போதே கேட்டுவிடுங்கள். வயதும் மற்ற நோய்களும் பார்த்து எல்லாருக்கும் சரி என்று சொல்லமாட்டார்கள். சொன்னால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.