வெறும் மரில்லா

அநாதைக் குழந்தை தன் இரத்த உறவைக் கண்டடைவதுதான் அநாதைகளைப் பற்றிய சிறார் கதைகளின் அச்சாணி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 1908-இல் வெளிவந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலின் நாயகியான அநாதைச் சிறுமி ஆன் எந்த உறவையும் தேடிப் போவதில்லை. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், பண்ணை வேலைக்குப் பையன் கேட்ட மணமாகாத மாத்யூ, மரில்லா என்ற உடன்பிறப்புகளிடம், பதினோரு வயதில் ஆள்மாறி வந்து சேர்கிறாள்.

‘மரில்லா அத்தை என்று கூப்பிடட்டுமா?’ என்று அவள் கேட்கும் இடம் இருக்கிறதே! ‘நான் உன் அத்தை இல்லையே, வெறும் மரில்லா போதும்’ என்று பதில் வருகிறது. முன்பின் தெரியாதவரையும் அண்ணே, அக்கா என்று அழைத்துப் பழகிய நமக்கு இது கொடுமைதான். சிறுவயதில் மரில்லாவை நான் மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஆனால் அதே மரில்லா, ஆன் எடுத்துத் தொலைத்துவிட்டதாகத் தான் சந்தேகித்த ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அணி) தன் சால்வையிலேயே சிக்கியிருப்பதைக் கண்டதும், குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கிறாள். முறை சொல்லி அழைக்காமலேயே தாயாகிவிடுகிறாள்.

இதை எழுதிய மாண்ட்காமரியோ, இரண்டு வயது நிரம்பும் முன்பே தாயை இழந்து, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். இரத்த உறவுகளுக்கு நடுவிலும் தனிமையை அறிந்தவர்.